மாற்றுத்திறனாளிகளுக்கான உதவிகள்: எந்தத் தேவைக்கு எந்தக் கதவு?

தில்லிவாழ் தமிழர்களுக்கு ஐ.என்.ஏ. மார்க்கெட்டை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. முருங்கைக்காய், சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, வாழையிலை, கடல் மீன் என ஊர்ச் சமையலுக்கு வேண்டியவற்றைத் தேடி வார இறுதியில் அங்குச் செல்லும் குடும்பங்கள் பல. சந்தைக்குள் நுழைந்ததும் வழி குறுகிவிடும். கடைச் சரக்குகள் நடைவழிவரை நீண்டிருக்கும். மீன் விற்கும் பகுதியில் தரை ஈரமாகவே இருக்கும். சக்கர நாற்காலியில் வருபவருக்கும் வெண்கோலுடன் வருபவருக்கும் அது எளிய இடமன்று.

அதே சந்தையின் அருகிலுள்ள ஐ.என்.ஏ. மெட்ரோ நிலையத்தில் நிலை வேறு. அங்கு மின்தூக்கி இருக்கிறது. பார்வையற்றோர் காலால் உணர்ந்து நடக்கப் புடைப்பு ஓடுகள் பதிக்கப்பட்டுள்ளன. வண்டிக்குள் அடுத்த நிலையத்தின் பெயர் ஒலிக்கிறது. இந்த வேறுபாடு தற்செயலாக வந்ததன்று. மாற்றுத்திறனாளிகளுக்கான முதல் மத்தியச் சட்டம் 1995இல் இயற்றப்பட்டது. தில்லி மெட்ரோ ஓடத் தொடங்கியது 2002 டிசம்பரில். சட்டமும், அதைச் சுட்டிக்காட்டி இடைவிடாமல் கேட்டவர்களும் இருந்ததால் மெட்ரோவில் இவ்வசதிகள் இடம்பெற்றன.

உரிமைகள் கேட்கப்படும்போதுதான் நடைமுறைக்கு வருகின்றன. ஆனால் எங்கே கேட்பது, எதை முதலில் கேட்பது என்பது பல குடும்பங்களுக்குத் தெரிவதில்லை. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் உள்ளனர். அவர்களுக்கான மருத்துவமனை, பயிற்சி மையம், ஆய்வகம், ஆணையம் ஆகியவை தனித்தனித் துறைகளின்கீழ்ச் சிதறிக் கிடக்கின்றன. ஐ.என்.ஏ. மார்க்கெட்டை நடுவாகக் கொண்டு பார்த்தால் அவற்றுள் சில இரண்டு மூன்று மெட்ரோ நிலையத் தொலைவிலேயே உள்ளன. எந்தத் தேவைக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்பதை வரிசைப்படி இங்கே விளக்குகிறோம்.

முதற்படி: சான்றிதழும் அடையாள அட்டையும்

இப்போது நடைமுறையில் உள்ள மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் இயற்றப்பட்டு, 2017 ஏப்ரல் 19 முதல் செயல்படுகிறது. பழைய சட்டத்தில் ஏழாக இருந்த குறைபாட்டு வகைகளை இச்சட்டம் இருபத்தொன்றாக உயர்த்தியது. ஆட்டிசம், கற்றல் குறைபாடு, தசைச் சிதைவு, பார்க்கின்சன், தாலசீமியா, அமில வீச்சால் ஏற்பட்ட பாதிப்பு ஆகியனவும் இப்போது இப்பட்டியலில் உள்ளன. “இது இயலாமைக் கணக்கில் வராது” என்று முன்பு திருப்பி அனுப்பப்பட்டவர்கள் மீண்டும் விண்ணப்பிக்க இதுவே போதிய காரணம்.

இடஒதுக்கீடு முதலிய பெரும்பாலான சலுகைகளுக்குக் குறைபாடு 40 விழுக்காடோ அதற்கு மேலோ இருப்பதாக மருத்துவ அதிகாரியின் சான்று வேண்டும். சான்றிதழுக்கும் தனித்துவ அடையாள அட்டைக்கும் சுவாவலம்பன் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். அட்டையிலுள்ள பட்டையின் நிறமே குறைபாட்டின் அளவைச் சொல்லும்: 40க்குக் கீழ் வெள்ளை, 40 முதல் 80க்குள் மஞ்சள், 80உம் அதற்கு மேலும் நீலம்.

ஊர்விட்டு ஊர் வந்தவர்கள் இரண்டு செய்திகளை நினைவிற் கொள்ள வேண்டும். முதலாவது, இச்சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும். திருநெல்வேலியில் பெற்ற சான்றை வைத்துக்கொண்டு தில்லியில் புதிதாக ஒன்று எடுக்க அலைய வேண்டியதில்லை. இரண்டாவது, வசிக்கும் மாவட்டத்தில் மட்டுமன்றி, அக்குறைபாட்டுக்காகச் சிகிச்சை பெறும் அரசு மருத்துவமனையிலும் விண்ணப்பிக்கலாம். ஐ.என்.ஏ. நிலையத்திலிருந்து தெற்கே அடுத்த நிலையம் எய்ம்ஸ். அங்கே சாலையின் ஒருபுறம் எய்ம்ஸ், மறுபுறம் சப்தர்ஜங் மருத்துவமனை. அங்குச் சிகிச்சை பெறுபவர்கள் மருத்துவரிடமே சான்றிதழ் பற்றிக் கேட்கலாம். மதிப்பீட்டில் நிறைவில்லையெனில் மேல்முறையீடு செய்யவும் சட்டம் இடமளிக்கிறது.

வேலை: பெறுவதும் காப்பதும்

அரசு நிறுவனங்களின் பணியிடங்களில் 4 விழுக்காட்டுக்குக் குறையாமல் மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கப்பட வேண்டும். பார்வைக் குறைபாடு, செவித்திறன் குறைபாடு, உடலியக்கக் குறைபாடு ஆகியவற்றுக்குத் தலா 1 விழுக்காடு. ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்குச் சேர்த்து 1 விழுக்காடு. பொதுத்துறை வங்கிகளும் இதற்குக் கட்டுப்பட்டவை.

வேலை தேடுவோருக்கெனத் தில்லி கர்கர்டூமாவில் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய வேலைவாய்ப்புச் சேவை மையம் இயங்குகிறது. சென்னைக் கிண்டியிலும் இத்தகைய மையம் ஒன்று உண்டு. ஒருவருடைய திறனை மதிப்பிட்டு, பயிற்சி அளித்து, ஏற்ற பணிக்கு வழிகாட்டுவது இவற்றின் வேலை. பார்வையற்றோர் தில்லி ராமகிருஷ்ணபுரத்திலுள்ள தேசியப் பார்வையற்றோர் சங்கத்தையும், 1944 முதல் இயங்கிவரும் பார்வையற்றோர் நிவாரணச் சங்கத்தையும் அணுகலாம். செவித்திறன் குறைந்தோருக்காக 2015இல் நிறுவப்பட்ட இந்தியச் சைகைமொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையமும் தில்லியிலேயே உள்ளது. அது வெளியிட்டுள்ள சைகைமொழி அகராதியில் 10,000 சொற்கள் இடம்பெற்றுள்ளன. சொந்தத் தொழில் தொடங்க விரும்புவோர் 1997இல் தொடங்கப்பட்ட தேசிய மாற்றுத்திறனாளிகள் நிதி மற்றும் மேம்பாட்டுக் கழகத்தின் கடனுதவி பற்றி அறிந்துகொள்ள வேண்டும். அக்கடன் வங்கிகள் உள்ளிட்ட முகவர் நிறுவனங்களின் வழியாகவே வழங்கப்படுகிறது.

வேலை பெறுவதைக் காட்டிலும் குறைவாகப் பேசப்படுவது, இருக்கும் வேலையைக் காப்பது. ஐம்பது வயதில் பார்வை மங்கத் தொடங்கும் எழுத்தர், விபத்தில் காலை இழக்கும் ஓட்டுநர் போன்றோர் “இனி என்னால் முடியாது” என்று தாமாகவே விலகல் கடிதம் எழுதிக் கொடுத்துவிடுவதுண்டு. அக்கடிதத்தோடு குடும்பத்தின் வருமானமும் நின்றுவிடுகிறது. அரசுப் பணியில் இருப்பவர் அவ்வாறு விலக வேண்டியதே இல்லை. பணிக்காலத்தில் குறைபாடு ஏற்பட்டால் அவரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்று 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20ஆம் பிரிவு கூறுகிறது. பழைய பணி இயலாவிடின் அதே ஊதிய விகிதத்தில் வேறு பணி தர வேண்டும். அத்தகைய பணியிடம் இல்லையெனில், ஏற்றதொன்று கிடைக்கும்வரை அல்லது ஓய்வுபெறும் வயதுவரை கூடுதல் பணியிடம் ஒன்றில் அவரை வைத்திருக்க வேண்டும்.

1995ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இப்பாதுகாப்பு இருந்தது. பணியின்போது காயமுற்று ஒரு காலை இழந்த குணால் சிங் என்னும் காவலர் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டபோது, அது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2003 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. எனவே விலகல் கடிதத்தில் கையெழுத்திடுமுன் சட்டத்தைப் படித்தவர் ஒருவரிடம் கலந்து பேசுவது நன்று. தனியார் நிறுவனங்களுக்கு இப்பிரிவின் முழுப் பாதுகாப்பும் பொருந்தாது. ஆயினும் ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை வகுத்து அறிவிக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 21ஆம் பிரிவு கூறுகிறது. நேர்காணலுக்குச் செல்பவர் அக்கொள்கையைக் கேட்டுப் பெறலாம்.

கருவிகள்: விலையுள்ளவையும் விலையில்லாதவையும்

ஐ.என்.ஏ.விலிருந்து மஞ்சள் தடத்தில் மூன்றாவது நிலையம் ஹவுஸ் காஸ். அப்பகுதியிலுள்ள தில்லி ஐ.ஐ.டி.யின் அசிஸ்டெக் ஆய்வகத்தில், பேராசிரியர் எம். பாலகிருஷ்ணன் வழிகாட்டிய குழு ‘ஸ்மார்ட் கேன்’ என்னும் கருவியை உருவாக்கியது. 2014இல் அது பயன்பாட்டுக்கு வந்தது.

சாதாரண வெண்கோல் தரையிலுள்ள தடையை மட்டுமே உணர்த்தும். நெஞ்சுயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கிளையையோ, திறந்து கிடக்கும் சன்னல் கதவையோ, லாரியின் பின்புறத்தையோ அதனால் உணர்த்த இயலாது. முகத்தில் மோதிய பின்னரே அது தெரியும். ஸ்மார்ட் கேன் வெண்கோலின் கைப்பிடியில் பொருத்தப்படுவது. மீயொலி அலைகளை அனுப்பி, முழங்கால் முதல் தலைவரையிலான உயரத்தில் உள்ள தடைகளைக் கண்டறிந்து, கைப்பிடியின் அதிர்வால் தெரிவிக்கிறது. வெளியிடங்களில் ஏறத்தாழ 3 மீட்டருக்கு முன்பே எச்சரிக்கும். இதனைத் தயாரித்தது சென்னையிலுள்ள ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் நிறுவனம்.

கருவி வாங்க வசதியில்லாதவர்களுக்கு 1981 முதல் மத்திய அரசின் ‘அடிப்’ திட்டம் உள்ளது. வருமான வரம்புக்கு உட்பட்டவர்களுக்குச் சக்கர நாற்காலி, மூன்றுசக்கர வண்டி, செவிப்புலன் கருவி, செயற்கை உறுப்பு ஆகியன இலவசமாகவோ குறைந்த விலையிலோ இத்திட்டத்தின்கீழ் வழங்கப்படுகின்றன. அவற்றுள் பலவற்றைக் கான்பூரிலுள்ள அலிம்கோ என்னும் அரசு நிறுவனம் தயாரித்து, மாவட்டந்தோறும் நடைபெறும் முகாம்களில் அளவெடுத்து வழங்குகிறது.

விலையே இல்லாத கருவிகளும் உள்ளன. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் ‘டாக்பேக்’, ஐபோனில் ‘வாய்ஸ்ஓவர்’ என்னும் வசதிகள் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்கின்றன. கணினிக்கு என்.வி.டி.ஏ. என்னும் இலவசத் திரைவாசிப்பான் கிடைக்கிறது. அது தமிழிலும் பேசும். பார்வை மங்கிவரும் பெரியவர் வீட்டில் இருந்தால், புதிதாக எதையும் வாங்குமுன் அவருடைய கைப்பேசியின் அமைப்புகளைத் திறந்து பாருங்கள்.

பணமும் தன்னுரிமையும்

கடைவீதியில் பணம் கொடுக்கும் நேரத்தில்தான் தன்னுரிமையின் அருமை தெரியும். பார்வையற்றவர் தொட்டு அறிவதற்கென நம் பணத்தாள்களில் புடைப்புக் குறிகள் உள்ளன. புதிய வரிசையில் 100 ரூபாய்த் தாளில் முக்கோணமும், இரு ஓரங்களிலும் நான்கு கோடுகளும் உள்ளன. 500 ரூபாய்த் தாளில் வட்டமும் ஐந்து கோடுகளும் உள்ளன. 2020 ஜனவரியில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட ‘மணி’ செயலி, கைப்பேசியின் ஒளிப்படக் கருவிமுன் காட்டிய தாளின் மதிப்பைச் சொல்லும். திறன்பேசி இல்லாதவர்கள் 2022 மார்ச்சில் தொடங்கப்பட்ட ‘யு.பி.ஐ. 123பே’ வழியாகச் சாதாரணக் கைப்பேசியிலேயே குரல்வழி பணம் செலுத்தலாம்.

எச்சரிக்கை ஒன்று. பொத்தான்கள் இல்லாமல் தொடுதிரை மட்டுமே கொண்ட அட்டைக் கருவிகளில் பார்வையற்றவர் இரகசிய எண்ணைத் தாமே பதிவது கடினம். அந்நிலையில் கடைக்காரரிடமோ உடன் வந்தவரிடமோ எண்ணைச் சொல்லிவிடாதீர்கள். பொத்தான் உள்ள கருவியைக் கேளுங்கள். இல்லையெனில் வேறு வழியிற் செலுத்துங்கள்.

வங்கிக்குள்ளும் உங்களுக்கு உரிமைகள் உள்ளன. ஒரு காலத்தில் பார்வையற்ற வாடிக்கையாளருக்குக் காசோலைப் புத்தகமும் ஏ.டி.எம். அட்டையும் மறுக்கப்படுவது வழக்கமாக இருந்தது. அந்நிலையை மாற்றியது 2003ஆம் ஆண்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான தலைமை ஆணையரிடம் பதிவான ஒரு புகார். காசோலை, ஏ.டி.எம்., பெட்டகம் உள்ளிட்ட எல்லா வசதிகளையும் அவர்களுக்கு வழங்க வேண்டும் என்று 2005 செப்டம்பரில் ஆணையர் உத்தரவிட்டார். அதனை மேற்கோள் காட்டி, 2008 ஜூனில் ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் அறிவுறுத்தல் அனுப்பியது.

அதன்பின் வந்தவற்றையும் அறிந்துகொள்வோம். 2014 ஜூலை முதல் நிறுவப்படும் புதிய ஏ.டி.எம்.கள் பேசும் வகையாகவும் பிரெயில் விசைகள் உடையனவாகவும் இருக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கும் எழுபது வயதைக் கடந்தோருக்கும் வீடு தேடி அடிப்படை வங்கிச் சேவை வழங்குமாறு 2017 நவம்பரில் வங்கிகள் பணிக்கப்பட்டன. கையெழுத்திட இயலாதவர் கைவிரல் அல்லது கால்விரல் ரேகையை வைத்தும் பணம் எடுக்கலாம். அதற்கு இரு சாட்சிகள் வேண்டும், அவருள் ஒருவர் வங்கி அலுவலராக இருத்தல் வேண்டும். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களின் பெற்றோர், 1999ஆம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ்ப் பெறும் பாதுகாவலர் சான்றைக் கொண்டு கணக்குத் தொடங்கி இயக்கலாம். காணொளி முன் கண் சிமிட்ட இயலாததால் வாடிக்கையாளர் அறிதல் நடைமுறையில் தவித்தவர்களின் வழக்கில், இணையவழிச் சேவையை அணுகுவதும் வாழ்வுரிமையின் பகுதியே என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று கூறி, 20 வழிகாட்டுதல்களை வழங்கியது.

மறுக்கப்பட்டால்

முதலில் மறுப்பை எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாகச் சொல்லப்பட்ட மறுப்பு எழுதித் தரும்படி கேட்டதும் பலமுறை மறைந்துவிடுகிறது. எழுதித் தராவிடினும், நீங்கள் அளித்த கோரிக்கையின் நகலில் தேதியுடன் ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள்.

அரசு நிறுவனத்தில் வேலை தொடர்பான குறையெனில், ஒவ்வொரு அரசு நிறுவனமும் நியமித்திருக்க வேண்டிய குறைதீர்ப்பு அலுவலரிடம் முதலில் செல்ல வேண்டும். அங்குத் தீராவிடின் மாநில ஆணையரையோ, மத்திய அரசு நிறுவனமாயின் தலைமை ஆணையரையோ அணுகலாம். சாட்சிகளை அழைப்பது, ஆவணங்களைக் கோருவது முதலியவற்றில் இவர்களுக்கு உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் உண்டு. வங்கிச் சேவை தொடர்பான குறையெனில், முதலில் கிளையில் எழுத்துமூலம் புகார் அளியுங்கள். 30 நாள்களுக்குள் பதில் வராவிடினும், வந்த பதில் நிறைவளிக்காவிடினும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். இதற்குக் கட்டணம் இல்லை. 14448 என்னும் எண்ணில் விவரம் கேட்கலாம்.

இவ்வாரமே செய்யத்தக்கவை மூன்று. வீட்டில் தேவைப்படுவோர் இருப்பின் அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். அவருடைய கைப்பேசியில் திரைவாசிப்பை இயக்கிக் காட்டுங்கள். உங்கள் கிளைக்குச் சென்று, வீடு தேடி வரும் சேவைக்குப் பெயரைப் பதிவு செய்யுங்கள். கேட்கத் தயங்க வேண்டாம். அவ்வசதிகளை வழங்குவது வங்கியின் கடமை. பெறுவது உங்கள் உரிமை.