கணுக்கால் முறிவும் மீட்சியும்

கரும்புக்கும் மூங்கிலுக்கும் கணு உண்டு. மனிதனுடைய காலுக்கும் கணு உண்டு. காலும் பாதமும் கூடும் இடத்திற்கு நம் முன்னோர் கணுக்கால் என்று பெயரிட்டது மிகப் பொருத்தமே. ஆனால், கரும்பின் கணு அசைவதில்லை. காலின் கணுவோ உடலின் பாரம் முழுவதையும் தாங்கிக்கொண்டே, நாள்தோறும் ஆயிரக்கணக்கான முறை மடங்கி நிமிர்கிறது. அக்கணு முறிந்துவிட்டால் மனிதன் எவ்வாறு மீண்டும் நடை பெறுகிறான் என்பதை இங்கே விளக்க விரும்புகிறோம்.

இதைப் பற்றி எழுத நம்மைத் தூண்டியது ஒரு தாயின் கேள்வி. பெங்களூரின் தென்கோடியில், ஓசூர்ச் சாலையில் அமைந்திருப்பது எலெக்ட்ரானிக் சிட்டி. 1970களின் பிற்பகுதியில், கோனப்பன அக்ரகாரம், தொட்டதோகூரு என்னும் சிற்றூர்களின் நிலத்தில், 332 ஏக்கர்ப் பரப்பில், கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் உருவாக்கிய தொழில் நகரம் அது. ஓசூரைத் தாண்டினால் எட்டிவிடும் தொலைவாதலால், அங்கே வாடகை அறைகளில் தங்கிப் பணிபுரியும் தமிழ் இளைஞர் பலர். அவர்களுள் ஒருவர் சேலம் பக்கத்தைச் சேர்ந்தவர், நமக்கு அறிமுகமானவர். விடுமுறையில் நண்பர்களுடன் கடற்கரை ஊர் ஒன்றுக்குச் சென்ற அவர், விசைப்படகு கயிற்றால் இழுத்துச் செல்ல, பலகைமேல் நின்று நீரில் சறுக்கும் விளையாட்டில் இறங்கினார். அலையில் பலகை புரண்டது. இடக் கணுக்கால் இரு புறமும் முறிந்தது.

நாம் அவரைக் காணச் சென்றபோது அறுவை முடிந்து ஏழு வாரங்கள் ஆகியிருந்தன. கட்டு அவிழ்க்கப்பட்டிருந்தது. கெண்டைச் சதை வற்றி, தோல் உலர்ந்து, கால் குச்சிபோல் இருந்தது. ஊரிலிருந்து வந்து மகனுக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்த தாயார் நம்மை நோக்கி, “எலும்பு கூடிவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டாரே ஐயா, பிறகு ஏன் இவனால் நடக்க முடியவில்லை?” என்று கேட்டார். எலும்பு கூடுவது வேறு, கால் மீள்வது வேறு என்பதே அக்கேள்விக்கு விடை. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதால் பலர் பாதி வழியிலேயே நின்றுவிடுகின்றனர்.

முதலில் மூட்டின் அமைப்பைக் காண்போம். முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகள் உள்ளன. பருத்த எலும்பு உட்புறத்திலும், மெல்லிய எலும்பு வெளிப்புறத்திலும் இறங்குகின்றன. கணுக்காலின் இரு புறத்திலும் நாம் தொட்டறியும் புடைப்புகள் இவற்றின் நுனிகளே. இவ்விரண்டுக்கும் நடுவே, தச்சர் குடைந்த பள்ளத்தில் மரத்துண்டு பொருந்துவதுபோல, பாதத்தின் மேலெலும்பு ஒன்று கச்சிதமாகப் பொருந்தி நிற்கிறது. உறுதியான நார்கள் இவற்றைச் சுற்றிலும் பிணைத்துள்ளன.

அந்தப் பொருத்தம் எவ்வளவு நுட்பமானது என்பதை 1976ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பாதத்தின் மேலெலும்பு ஒரே ஒரு மில்லிமீட்டர் வெளிப்புறமாக விலகினாலும், மூட்டில் எலும்புகள் ஒன்றையொன்று தொடும் பரப்பு 42 விழுக்காடு குறைந்துவிடும் என்று அது கண்டது. பரப்பு குறைந்தால் பாரம் ஒரே இடத்தில் அழுந்தும். நாளடைவில் மூட்டு தேயும். ஆகவே, கணுக்கால் எலும்பு எப்படியாவது ஒட்டிக்கொண்டால் போதும் என்று இருக்க இயலாது. அது உரிய இடத்திலேயே ஒட்ட வேண்டும்.

நீர்ச்சறுக்கில் இம்முறிவு நேர்வது எவ்வாறு? 1922ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், ரால்ப் சாமுவேல்சன் என்னும் இளைஞர் ஏரியொன்றில் முதன்முதலாக இவ்விளையாட்டை நிகழ்த்திக் காட்டினார். இன்றைய பலகைகளில் பாதத்தை இறுகப் பற்றும் ரப்பர் உறை உண்டு. விழும்போது பாதம் அவ்வுறையிலிருந்து கழன்றுவிட்டால் நன்று. கழலாவிட்டால், நீரில் சிக்கிய நீண்ட பலகை ஒரு நெம்புகோலாகிப் பாதத்தை ஒரு பக்கம் திருப்பும். உடல் மற்றொரு பக்கம் வீசப்படும். இடையில் அகப்பட்ட கணுக்கால் முறியும். நீர்ச்சறுக்கை அறியாதவர்க்கும் இவ்வாபத்து உண்டு. இருசக்கர வண்டியிலிருந்து விழுவதும், நடைபாதையின் பள்ளத்தில் கால் இடறுவதும் இதே முறுக்கைத் தரக்கூடியவை.

அடிபட்டவுடன் செய்ய வேண்டியவை சில. காலை அசைக்காமல், தலையணை அடுக்கி, நெஞ்சின் மட்டத்திற்குமேல் உயர்த்தி வைக்க வேண்டும். பனிக்கட்டியைத் துணியில் சுற்றி ஒற்றலாம். எண்ணெய் தேய்த்து நீவுவதோ, இழுத்துப் பார்ப்பதோ கூடாது. சுளுக்கா, முறிவா என்ற ஐயம் எழுந்தால், கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992இல் வெளியிட்ட விதி உதவும். அடிபட்ட காலை ஊன்றி நான்கு அடிகள் எடுத்து வைக்க முடியாவிட்டாலும், கணுக்காலின் இரு புடைப்புகளில் எதன் பின்விளிம்பையோ நுனியையோ அழுத்தும்போது எலும்பில் வலி தோன்றினாலும், எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும்.

இங்கே ஒன்றைக் குறிப்பிடுதல் நம் கடமையாகிறது. எலும்பு முறிந்தது என்றவுடன் நம்மவர் பலருக்கு நினைவு வருவது ஆந்திரத்துப் புத்தூரின் கட்டு. நம் இளைஞரின் வீட்டிலும் அப்பேச்சு எழுந்தது. பரம்பரை வைத்தியத்தின்மீது உள்ள நம்பிக்கையை நாம் பழிக்கவில்லை. ஆயினும், ஒரு மில்லிமீட்டர்ப் பிசகையும் பொறுக்காத மூட்டில், எலும்பு எங்கே விலகியுள்ளது என்பதைக் கண்ணால் காணாமல் கட்டுவது தகாது. தோல் கிழிந்து புண் உண்டாகியிருந்தால் ஒரு மணி நேரமும் தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

முறிந்த காலைக் காப்பாற்றும் கலை எளிதில் வந்ததன்று. 1756ஆம் ஆண்டில் லண்டன் நகரின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் குதிரையிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார். எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்துவிட்டது. கண்டபடி தூக்கினால் கேடு விளையும் என்று அறிந்த அவர், தெருவில் கிடந்தவாறே ஒரு கதவை விலைக்கு வாங்கச் செய்து, அதில் பல்லக்குக் கம்புகளை அறைந்து, அதன்மேல் தம்மைக் கிடத்தி வீட்டுக்குக் கொண்டுசெல்லப் பணித்தார். காலை வெட்டுவதென்று மருத்துவர்கள் முடிவு செய்து கருவிகளையும் எடுத்துவிட்ட நேரத்தில், அவருடைய ஆசிரியர் வந்து தடுத்தார். கால் பிழைத்தது. கணுக்கால் முறிவின் ஒரு வகை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

அதன்பின் 1850களில் மாவுக்கட்டு வந்தது. 1895இல் எக்ஸ்ரே வந்தது. 1958இல் சுவிட்சர்லாந்து மருத்துவர் சிலர் ஒன்றுகூடி, உலோகத் தகடும் திருகாணியும் கொண்டு எலும்பை உள்ளிருந்தே உறுதியாகப் பொருத்திவிட்டால், மூட்டை விரைவிலேயே அசைக்கத் தொடங்கலாம் என்ற கொள்கையைப் பரப்பினர். நெடுநாள் அசையாதிருப்பதே ஒரு நோய் என்பதை உலகம் அப்போது உணர்ந்தது.

வெளிமாநிலத் தமிழர் யாவரும் அறிந்த ஒரு வரலாறும் உண்டு. மும்பையில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பெண்ணான நடனக் கலைஞர் சுதா சந்திரன், 1981ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளி அருகே ஒரு பேருந்து விபத்தில் காலில் அடிபட்டார். கணுக்காலில் இருந்த புண் அழுகத் தொடங்கி, வலக்காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க நேர்ந்தது. பின்னர் அவர் ஜெய்ப்பூர்ச் செயற்கைக் காலைப் பொருத்தி, வலியையும் குருதிக் கசிவையும் தாங்கிப் பயின்று மீண்டும் மேடையேறினார். அவர் கதை ‘மயூரி’ என்னும் தெலுங்குத் திரைப்படமாயிற்று. அவரே அதில் நடித்தார். இவ்வரலாறு இரண்டு பாடங்களைத் தருகிறது. கட்டுக்குள் இருக்கும் காலை நாள்தோறும் கவனிக்க வேண்டும் என்பது ஒன்று. இழந்த நடையைப் பயிற்சியே மீட்டுத் தரும் என்பது மற்றொன்று.

கவனிக்க வேண்டிய அறிகுறிகளாவன: கால் விரல்கள் நீலம் பாய்தல், சில்லிடுதல், மரத்துப்போதல், மருந்துக்கும் அடங்காமல் வலி ஏறிக்கொண்டே போதல், கட்டிலிருந்து துர்நாற்றம் வீசுதல், காய்ச்சல், கெண்டைக்கால் வீங்கி வலித்தல், திடீரென மூச்சுத் திணறல். இவற்றுள் ஒன்று தோன்றினும் விடியும்வரை காத்திராமல் உடனே மருத்துவமனையை நாட வேண்டும். வெளிமாநிலத்தில் மொழி தெரியாதே என்று தயங்க வேண்டா. கன்னடத்தில் கால் ‘காலு’; விரல் ‘பெரளு’; எலும்பு ‘எலுபு’; நோவு ‘நோவு’தான். துன்பம் நேரும்போது இரு மொழிகளும் எவ்வளவு நெருங்கிய உறவு என்பது புலனாகும்.

இனி மீட்சியின் படிகளைக் காண்போம். கணுக்கால் எலும்பு ஓரளவு கூட ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகும். முதலிரு வாரங்களில் வீக்கத்தை வடியச் செய்வதே முதன்மையான வேலை. அப்போதும் விரல்களையும் முழங்காலையும் இடுப்பையும் அசைத்துக்கொண்டிருக்க வேண்டும். கக்கக்கட்டையை ஊன்றும்போது பாரத்தை உள்ளங்கைகள் தாங்க வேண்டும். அக்குள் தாங்கினால் நரம்பு நசுங்கும். மாடிப்படி ஏறுகையில் நல்ல கால் முன்னே செல்லட்டும். இறங்குகையில் அடிபட்ட கால் முன்னே செல்லட்டும். மின்தூக்கி இல்லாத மூன்றாம் மாடி அறையில் இருந்த நம் இளைஞர், இவ்விதியை வாய்ப்பாடுபோல் மனப்பாடம் செய்திருந்தார்.

கட்டு அவிழ்ந்தபின் மருத்துவர் இசைவுடன் அசைவுப் பயிற்சி தொடங்கும். கட்டைவிரலை எழுதுகோலாகக் கொண்டு காற்றில் எழுத்துகளை வரைவது இயன்முறை மருத்துவர் தரும் எளிய பயிற்சி. நாம் அகரம் முதல் ஔகாரம் வரை வரையலாம். வளைவு மிகுந்த நம் எழுத்துகள் கணுக்காலை எல்லாத் திசைகளிலும் சுழற்றும். அடுத்து, பாதத்தில் துண்டை மாட்டித் தன்பால் மெல்ல இழுக்க வேண்டும். காலில் எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்று மருத்துவர் சொன்னால், வீட்டு எடைப்பொறியின்மேல் பாதத்தை வைத்து அழுத்தி, அந்த அளவு இன்னதென்று பழகிக்கொள்ளலாம்.

மூன்றாம் மாதத்திற்குப்பின் வருவது சமநிலைப் பயிற்சி. பலர் கைவிடுவது இதனையே. பாதம் எந்தச் சாய்வில் நிற்கிறது என்பதை மூளைக்கு அறிவிக்கும் நுண்ணிய நரம்பு முனைகள் மூட்டின் நார்களில் உள்ளன. நார் அறுபட்டால் அவ்வறிவிப்பும் குன்றும். எலும்பு கூடியபின்னும் கால் தடுமாறுவதன் காரணம் இதுவே. சுவரருகே ஒற்றைக்காலில் நிற்பது, குதிகாலை உயர்த்தி இறக்குவது ஆகியவற்றால் அவ்வறிவு திரும்பும். மாலையில் வீக்கம் தோன்றுவது சில மாதங்கள் நீடிக்கலாம். அதற்கு அஞ்ச வேண்டா. புகை பிடிப்போர்க்கும் நீரிழிவைக் கட்டுப்படுத்தாதோர்க்கும் எலும்பு கூடுவது தாமதமாகும் என்பதை மறத்தல் ஆகாது. முழு வலிமை திரும்ப ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகலாம்.

அத்தனை நாளும் வயிற்றுப் பிழைப்பு என்னாவது? அயலூரில் உள்ளவரை வலியினும் வாட்டுவது இக்கவலையே. ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் உள்ள தொழிலாளருக்கு, உரிய சந்தா நாள்கள் நிறைந்திருந்தால், நோய்க்கால உதவியாக ஊதியத்தில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். வேலையினால் நேர்ந்த காயமாயின், வேலை செய்ய இயலாத காலத்திற்கு 90 விழுக்காடு கிடைக்கும். திட்டத்தில் சேராதவர்கள், தம் நிறுவனத்தின் கூட்டுக் காப்பீட்டுப் பத்திரத்தைக் கால் நலமாயிருக்கும்போதே ஒருமுறை படித்து வைப்பது நல்லது. விளையாட்டு விபத்துக்கு விலக்கு உண்டா என்பதையும் அதில் காணலாம்.

அந்தத் தாயாருக்கு நாம் இவற்றையெல்லாம் எடுத்துக் கூறினோம். மகனை ஊருக்கு அழைத்துச் சென்றுவிட எண்ணியிருந்தவர், மேலும் இரண்டு மாதம் தங்கினார். காலையும் மாலையும் மகன் கால்விரலால் எழுத்து வரைவதை அருகிருந்து எண்ணினார். அடுத்த முறை நாம் சென்றபோது இளைஞர் அறையில் இல்லை. 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு 10 அன்று திறக்கப்பட்ட மெட்ரோவின் மஞ்சள் வழித்தடத்தில் அலுவலகம் சென்றிருந்தார். நிலையத்தில் மின்தூக்கி உண்டே, அதில்தானே ஏறுகிறார் என்று கேட்டோம். “இல்லை ஐயா, போன வாரம் முதல் படியில்தான் ஏறுகிறானாம். நல்ல கால் முன்னே வைத்துத்தான்” என்றார் தாயார்.