கம்பும் காலடியும்

கேமரன் மலைத் தேயிலைச் சரிவில் கம்பு சுற்ற முடியாது. 1929இல் தொடங்கிய போ தோட்டத்தைப் போன்ற இடங்களில், இடுப்பளவுக்குக் கவாத்து செய்த செடிகள் நெருங்கி நிற்கும். நடுவே ஓராள் நுழையத்தான் வழி. நெற்றி உயரக் கம்பை ஒரு முனையில் பிடித்து முழு வட்டம் வீச, மூன்று மீட்டருக்கு மேல் வெட்டவெளி வேண்டும். அதற்குக் கோயில் முற்றமோ திடலோதான் சரி.

தோட்ட வேலைக்கு மலாயா வந்த தமிழரோடு வந்தது சிலம்பம். ஊரில் மூங்கில் பிடித்த கைக்கு இங்கே பிரம்பு வாய்த்தது. குழலான மூங்கில் பலத்த அடியில் பிளந்துவிடும். பிரம்போ உள்ளே கெட்டி, வளைந்துகொடுக்கும்.

ஒரு சின்னக் கணக்கு. 1.6 மீட்டர் கம்பை நடுவில் பிடித்து நொடிக்கு இரண்டு சுற்று சுற்றினால், அதன் நுனி மணிக்கு சுமார் 36 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். அதே சுழற்சியை முனையில் பிடித்துச் செய்தால் வேகம் 72. வேகம் இரட்டித்தால் நுனியின் இயக்க ஆற்றல் நான்கு மடங்கு. கண்ணால் கண்டதற்குக் கை அசைய மனிதனுக்கு ஏறத்தாழ 0.2 நொடி பிடிக்கும். அதற்குள் நுனி நான்கு மீட்டர் கடந்துவிடும். ஆக, வரும் அடியைப் பார்த்துத் தடுப்பது நடக்காத காரியம். தேர்ந்தவர் எதிராளியின் தோளையும் காலையும் பார்த்து, அடி கிளம்பும் முன்பே விலகுகிறார்.

போட்டிக் களம் சமதளம். கம்பு உடலைத் தொட்டாலே புள்ளி. நடுவர் உண்டு, எதிரே ஒருவர்தான். சண்டைக்கு இந்த ஒழுங்கெல்லாம் கிடையாது. மழையில் வழுக்கும் சரிவு, லயத்து வீட்டின் குறுகிய வாசல், பின்னாலிருந்து இன்னொருவன், பதற்றத்தில் நடுங்கும் விரல். அங்கே அலங்கார வீச்சுக்கு இடமே இல்லை. கம்பைக் குறுக்கிப் பிடித்துக் குத்துவதும் தட்டிவிடுவதும்தான் உதவும்.

அப்படியானால் சுற்றிப் பழகியது வீணா? இல்லை. சுற்றுவது மணிக்கட்டைப் பழக்குகிறது. கம்பு எதுவரை எட்டும் என்பதை உடம்புக்குச் சொல்லித்தருகிறது. ஆனால் ஆளைக் காப்பது காலடி. எட்டும் தூரத்துக்கு வெளியே ஒரு அடி தள்ளி நிற்பவனுக்கு, 72 கிலோமீட்டர் வேகமும் வெறும் காற்றுதான்.