தொட்டித் தோட்டம் – 9: அரிக்காவுக்கு ஆகாத தண்ணீர்

காசநோய்க்கு மாத்திரை இல்லாத காலம். 1928-ல் டாக்டர் டேவிட் சவுரிமுத்து தாம்பரத்தில் ஒரு சானடோரியம் தொடங்கினார். ஓய்வு, சத்தான சாப்பாடு, சுத்தமான காற்று, இவைதான் அங்கே மருந்து. சென்னையை விட்டு இவ்வளவு தூரம் தள்ளி வந்ததே காற்றுக்காகத்தான். இன்று அதே தாம்பரத்தில் ஜி.எஸ்.டி. ரோடு புகைக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திவிட்டு, ‘ஆக்சிஜன் செடி’ என்று அரிக்கா பாம் வாங்கி சோபா பக்கத்தில் வைக்கிறோம்.

அந்த ஆக்சிஜன் கதையை முதலில் முடித்துவிடலாம். 1989-ல் நாசா ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. மூடிய சிறு பெட்டிக்குள் செடிகளை வைத்துச் சோதித்ததில், காற்றிலிருந்த சில ரசாயனங்கள் குறைந்தன. டெல்லியில் கமல் மீட்டல் தன் அலுவலகக் கட்டடம் முழுக்கச் செடிகளை நிரப்பி, ஆளுக்கு நான்கு அரிக்கா வேண்டும் என்று 2009-ல் டெட் மேடையில் பேசினார். அரிக்காவின் மவுசு ஏறியதில் அந்தப் பேச்சுக்குப் பங்கு உண்டு. ஆனால், அதுவரை வந்த ஆய்வுகளை 2019-ல் அமெரிக்காவின் ட்ரெக்ஸல் பல்கலைக்கழகத்தினர் திரட்டிக் கணக்குப் போட்டார்கள். ஒரு கட்டடத்துக்குள் இயல்பாகக் காற்று வந்துபோவதாலேயே நடக்கும் சுத்திகரிப்பைச் செடிகள் செய்ய வேண்டுமானால், ஒரு சதுர மீட்டருக்குப் பத்து முதல் ஆயிரம் செடிகள் வரை தேவைப்படும் என்று வந்தது. ஹாலில் நமக்கு உட்கார இடம் இருக்காது. அரிக்காவை அழகுக்காக வாங்குங்கள், அதுவே போதுமான காரணம்.

வாங்கிய சில மாதத்தில் இலை நுனி கருக ஆரம்பிக்கும். சேலையூர், மேடவாக்கம், செம்பாக்கம் என்று எந்த அடுக்ககத்துக்குள் நுழைந்தாலும் இந்தப் புகார் உண்டு. உடனே எல்லோரும் செய்வது, இன்னொரு குவளை தண்ணீர் ஊற்றுவது. நர்சரியில் கேட்டால், “தண்ணி ஜாஸ்தியாயிடுச்சு சார், கொறைச்சு ஊத்துங்க” என்பார்கள். இரண்டுமே பாதிதான் சரி. எவ்வளவு தண்ணீர் என்பதைவிட எந்தத் தண்ணீர் என்பதுதான் நம் பகுதியில் கேள்வி.

அரிக்காவின் சொந்த ஊர் மடகாஸ்கர், மழை கொட்டும் கிழக்குக் கரை. உப்பு அதற்கு ஒத்துக்கொள்ளாது. நாம் ஊற்றுவதோ போர் தண்ணீர். வாளியில் வெள்ளைத் திட்டு, குழாய் வாயில் படிவு, ஹீட்டர் காயிலில் சுண்ணாம்புக் கட்டி என்று அதன் லட்சணம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் ஆவியாகிறது, உப்பு மண்ணிலேயே தங்குகிறது. தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருந்தால் மண்ணுக்குள் நிறையவே சேர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

இதைவிடக் கெடுதல், ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீர். வீணாக்கக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் பிடித்து வைத்துச் செடிக்கு ஊற்றுகிறார்கள். போர் தண்ணீரின் டி.டி.எஸ்., அதாவது கரைந்திருக்கும் உப்பின் அளவு, 1,200 என்று வையுங்கள். நான்கு லிட்டர் உள்ளே போய் ஒரு லிட்டர் குடிநீர் வந்தால், அந்த நான்கு லிட்டர் உப்பில் பெரும்பகுதி மிச்ச மூன்று லிட்டரில் அடைந்துவிடும், டி.டி.எஸ். கிட்டத்தட்ட 1,600. அந்தத் தண்ணீரில் தரை துடைக்கலாம், பாத்ரூம் கழுவலாம். அரிக்கா பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

இதற்கு மாற்று பால்கனியிலேயே சொட்டிக்கொண்டிருக்கிறது. ஏ.சி. குழாயில் வடிவது காற்றின் ஈரம் குளிர்ந்து இறங்கிய தண்ணீர், உப்பு அநேகமாக இல்லை. நம் கடலோரப் புழுக்கத்தில், கோடையில் ஒரு ராத்திரிக்கே வாளி கணக்கில் சேரும். குடிக்க உதவாது, செடிக்கு அருமை. மேல்மண்ணில் விரலை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். அடித்தட்டில் தேங்குவதை அன்றே கொட்டிவிடுங்கள். டெங்கு கொசுவுக்கு அந்தத் தட்டே போதும்.

ஆனாலும் மண்ணில் ஏற்கெனவே சேர்ந்த உப்பை வெளியேற்ற மழைதான் வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த முடிச்சூர்க்காரர்களிடம் மழையைப் புகழ்ந்து பேசத் தயக்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் ஐப்பசியில் மழை பிடித்ததும் தொட்டியை மொட்டை மாடிக்கோ திறந்த பால்கனிக்கோ தூக்கிச் சென்று, தட்டை எடுத்துவிட்டு, இரண்டு மூன்று நல்ல மழையில் நனைய விடுங்கள். அடித்துளை வழியே தண்ணீர் ஓட ஓட உப்பும் போகும். துளை அடைத்திருந்தால் வேர் அழுகும், முதலிலேயே பார்த்துவிடுங்கள். புயல் அறிவிப்பு வந்தால் உள்ளே எடுத்துவிடுவது நல்லது. மழை விட்டு வெயில் அடிக்கும் நாளிலும் அப்படியே. ஹால் நிழலில் பழகிய இலை நேர் வெயிலில் ஒரே நாளில் வெளுத்துவிடும்.

கருகிய நுனியைக் கத்தரிக்கலாம். ஆனால் பாதி மஞ்சளான அடி மட்டையை வெட்ட அவசரப்படாதீர்கள். சத்து போதாத பாம், பழைய மட்டையிலிருக்கும் பொட்டாசியத்தை இழுத்துத்தான் புதுக் குருத்துக்குக் கொடுக்கிறது. முழுக்கக் காயட்டும், பிறகு வெட்டலாம். குருத்தில் மட்டும் கத்தி வைக்கவே கூடாது. அது போனால் அந்தத் தண்டு அதோடு சரி.

ஏ.சி. அறையில் இலையின் அடியில் மெல்லிய நூலாம்படை தெரிந்தால் செஞ்சிலந்தி. ஈரத்துணியால் வாரம் ஒருமுறை துடைத்தால் பெரும்பாலும் அடங்கும். 2016-ல் பொள்ளாச்சித் தென்னையில் முதலில் தென்பட்ட சுருள் வெள்ளை ஈ அரிக்காவிலும் உட்காரும். இலையடியில் வெள்ளைச் சுருளும் மேலே கரிப்பூச்சும் இருந்தால், வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து அடிக்கலாம்.

எங்கோ மடகாஸ்கர் செடி எதற்கு, நம் பனையையே தொட்டியில் வளர்க்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். ஆசை நியாயம்தான், பனை ஒப்பாது. பனங்கொட்டையின் முளை முதலில் மண்ணுக்குள் ஆழமாக இறங்கிக் கிழங்காகத் திரளும், அதன் பிறகே இலை மேலே வரும். தொட்டியின் ஆழம் அதற்குப் பற்றாது. கொட்டை கிடைத்தால் புரட்டாசியில் பக்கத்து ஏரிக்கரையில் ஊன்றிவிடுங்கள். அதற்கு ஏ.சி. தண்ணீரும் வேண்டாம்.