விமான நிலைய வானிலைக் குறிப்புகளை வரைபடமாக்கும் இணையச் செயலி

விமானம் தரையிறங்குமுன், இறங்கும் இடத்தில் காற்று எத்திசையினின்று வீசுகின்றது, எவ்வளவு தொலைவு கண்ணுக்குப் புலப்படுகின்றது என்பன விமானிக்குத் தெரிந்திருத்தல் வேண்டும். இதன்பொருட்டு உலகெங்கும் விமான நிலையங்கள் ஒரே முறையில் வானிலைக் குறிப்புகளை வெளியிட்டு வருகின்றன. 'மெட்டார்' எனப்படும் இம்முறை 1968ஆம் ஆண்டில் பன்னாட்டு வழக்கிற்கு வந்தது. நம் நாட்டில் 1875இல் நிறுவப்பெற்ற இந்திய வானிலை ஆய்வுத் துறை இப்பணியைச் செய்கின்றது. பெரிய விமான நிலையங்களில் அரை மணிக்கொரு முறை குறிப்பு வெளியாகும். இடையே நிலைமை திடீரென மாறுமாயின் தனிக் குறிப்பும் வரும்.

குளிர்கால விடியலில் டெல்லியினின்று வரும் குறிப்பு, சுருக்கிக் கூறின், இவ்வாறு அமையும்: 'விஐடிபி 020030இசட் 00000கேடி 0100 எஃப்ஜி 07/07 கியூ1018'. முதல் நான்கு எழுத்துகள் நிலையத்தின் பெயர். அடுத்தது தேதியும் நேரமும்: இரண்டாம் தேதி, உலகப் பொது நேரம் 0 மணி 30 நிமிடம்; இந்திய நேரப்படி காலை 6 மணி. ஐந்து சுழிகள் காற்று அசைவற்றிருப்பதைக் குறிக்கும். பார்வைத் தொலைவு 100 மீட்டர், காரணம் மூடுபனி. வெப்பநிலையும் பனிபடுநிலையும் 7 டிகிரி. காற்றழுத்தம் 1018 ஹெக்டோபாஸ்கல்.

விமானிக்கு இவ்வொரு வரி போதும். ஆனால் ஒரு நாளைக்கு இத்தகைய வரிகள் 48 சேர்கின்றன. அவற்றை அடுக்கிவைத்துப் பார்ப்பவர்க்கு எண்கள் தெரியுமேயன்றி, இரவு எவ்வாறு கழிந்தது என்பது விளங்காது. இக்குறையைப் போக்குவனவே வரைபடம் வரையும் இணையச் செயலிகள். நிலையத்தையும் நாளையும் குறிப்பிட்டால், செயலி குறிப்புகளைத் திரட்டிப் பிரித்து, வெப்பநிலை, காற்று, அழுத்தம், பார்வைத் தொலைவு ஆகியவற்றைக் கோடுகளாக வரைந்து காட்டுகின்றது. அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகம் பல நாடுகளின் விமான நிலையக் குறிப்புகளைச் சேமித்து, எவரும் பெறுமாறு இணையத்தில் வைத்துள்ளது. இந்திய நிலையங்களும் அதில் உண்டு.

டெல்லியின் மூடுபனி இரவொன்றை இவ்வாறு வரைந்து பார்த்தல் மிகவும் பயன் தரும். மேற்கத்திய இடையூறு ஒன்று மழை பெய்வித்து நீங்கியபின் நிலம் ஈரமாயிருக்கும், வானம் தெளிந்திருக்கும், காற்று ஓய்ந்திருக்கும். கதிரவன் மறைந்ததும் நிலம் தன் வெப்பத்தை வெளியிடத் தொடங்க, வெப்பநிலைக் கோடு இறங்குகின்றது. பனிபடுநிலைக் கோடோ பெரிதும் மாறாமல் செல்கின்றது. நள்ளிரவிற்குப்பின் இரண்டும் நெருங்குகின்றன. அவை ஒன்றையொன்று தொடும் வேளையை ஒட்டிப் பார்வைத் தொலைவுக் கோடு சரிந்து 1000 மீட்டருக்குக் கீழே போய்விடும். அந்த அளவிற்குக் குறைந்தால்தான் அது மூடுபனி; அதற்கு மேற்பட்டது வெறும் பனிமூட்டமே. கதிரவன் எழுந்து நிலம் சூடேறிய பின்னரே கோடுகள் பிரிகின்றன. நீராவி, குளிர்தல், ஆவி சுருங்குதல் என்று பாடநூல் பல பக்கங்களில் கூறுவதை மாணவர் ஒரே படத்தில் கண்டுகொள்வர்.

எனினும் வரைபடம் அழகாயிருப்பதனாலேயே அது உண்மையாகிவிடாது. குறிப்பில் வெப்பநிலை முழு எண்ணாகவே தரப்படும். உண்மை அளவுகள் 7.4, 6.6 என்றிருப்பின் இரண்டும் 7 ஆகிவிடும், கோடுகள் ஒட்டிக்கொள்ளும். 7.6, 7.4 என்றிருப்பினோ 8, 7 என்று விலகி நிற்கும். ஆகவே ஒரு டிகிரி இடைவெளியை நம்பி மூடுபனி வரும், வாராது என்று துணிதல் தகாது. டெல்லி விமான நிலையத்தில் 2015–16 குளிர்காலத்தில் மூடுபனி ஆய்வு தொடங்கப்பெற்றபோது, கதிர்வீச்சு, காற்றிலுள்ள நுண்துகள் முதலியவற்றையும் அளக்கத் தனிக் கருவிகள் வேண்டியிருந்தன.

காற்றுத் திசையில் பிழை இன்னும் எளிதில் நேரும். வட காற்றுக்கு எண் 360, காற்றின்மைக்கு 000. செவ்வையாக எழுதப்படாத செயலி காற்றில்லா இரவு முழுவதையும் வட காற்றாக வரைந்துவிடும். 350, 10 என்னும் இரு திசைகளின் சராசரியைப் பள்ளிக் கணக்குப்படி கண்டால் 180 வரும். வட காற்று தென் காற்றாகிவிடும்! பார்வைத் தொலைவில் வரும் 9999 என்பதும் அளந்த எண் அன்று. 10 கிலோமீட்டரோ அதற்கு மேலோ என்று பொருள். குறிப்பு வாராத மணிகளில் சில செயலிகள் இருபுறமும் உள்ள புள்ளிகளை நேர்கோட்டால் இணைத்துவிடுகின்றன. அந்தக் கோட்டில் எவரும் எதையும் நோக்கிப் பதியவில்லை என்பதைக் களப் பணியாளர் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

நேரக் கணக்கே பெருந்தொல்லை தருவது. உலகப் பொது நேரப்படி நாள் மாறும் நள்ளிரவு நமக்குக் காலை 5.30 மணி. வட இந்தியக் குளிர்காலத்தில் வெப்பநிலை மிகத் தாழ்வது கதிரவன் எழும் வேளையை ஒட்டியே. செயலி பொது நேரப்படி நாளைப் பிரிக்குமாயின், ஒரே இரவின் குளிர் இரு நாள்களில் பங்கிடப்படும். குறைந்த வெப்பநிலைப் பட்டியல் உள்ளூர்ப் பதிவேட்டோடு பொருந்தாமற் போகும். இந்திய நேரத்திற்கு மாற்றும் வசதி உண்டா என்பதை முதலில் பார்த்துக்கொள்வது நலம்.

வகுப்பில் தொடங்குவதற்கு ஏற்றது காற்றழுத்தக் கோடு. புயலற்ற நாள்களில் தென்னிந்திய நிலையம் ஒன்றின் ஒரு வாரக் குறிப்புகளை வரைந்தால், கோடு நாள்தோறும் இருமுறை ஏறி இருமுறை இறங்குவது தெரியும். உச்சங்கள் ஏறத்தாழக் காலை 10 மணிக்கும் இரவு 10 மணிக்கும். தாழ்வுகள் 4 மணியை ஒட்டி. ஏற்ற இறக்கம் சில ஹெக்டோபாஸ்கலே. அழுத்தமும் முழு எண்ணாகவே தரப்படுவதால் கோடு வளைவாயிராமல் படிக்கட்டுபோல் தோன்றும். கதிரவனின் வெப்பத்தால் வளிமண்டலம் முழுவதிலும் எழும் இவ்வலையைக் காண மாணவர்க்குத் தனிக் கருவி எதுவும் தேவையில்லை. வாராத குறிப்புகளின் இடத்தை வெற்றிடமாகவே விட்டு, கையால் வரைபடத் தாளில் குறித்தாலும் தெளிவாகக் காணலாம்.