பிரவுசரில் ஆடும் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' ஒரிஜினலா, நகலா? 23-வது குண்டு சொல்லிவிடும்!

லஞ்ச் பிரேக்கில் பத்து நிமிஷம் மிச்சம் இருக்கிறது. பிரவுசரைத் திறந்து 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' என்று தேடுகிறீர்கள். டவுன்லோடு வேண்டாம், இன்ஸ்டால் வேண்டாம். சில விநாடிகளில் ஏலியன் படை வரிசைகட்டி இறங்கத் தொடங்கிவிடும். கீழே இருக்கும் பீரங்கியை இடது, வலது நகர்த்திச் சுட வேண்டும். அவ்வளவுதான் கேம்.

ஆனால், நீங்கள் ஆடுவது 1978-ல் ஜப்பானில் வெளியான அதே கேம்தானா? பல நேரங்களில் இல்லை. கண்டுபிடிக்க ஒரு சின்ன டெஸ்ட் இருக்கிறது. அதற்கு முன், அந்த கேம் எப்படி வேலை செய்தது என்று பார்த்துவிடலாம்.

8 கிலோபைட்டில் ஒரு விண்வெளிப் போர்

டைட்டோ நிறுவனத்துக்காக இந்த கேமை உருவாக்கியவர் தொமோஹிரோ நிஷிகாடோ. உள்ளே இருந்தது 2 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் இன்டெல் 8080 சிப். புரோகிராம், படங்கள் எல்லாம் சேர்த்தே 8 கிலோபைட்தான். நமக்கு வாட்ஸ்அப்பில் வரும் 'குட் மார்னிங்' படம்கூட இதைவிடப் பல மடங்கு பெரிது. திரை கறுப்பு வெள்ளை. கலர் தெரிய வேண்டும் என்பதற்காகத் திரையின் மேல் வண்ண செலோஃபேன் ஒட்டினார்கள். ஏலியன்களின் உருவம் ஆக்டோபஸ், கணவாய், நண்டு ஆகியவற்றைப் பார்த்து வரைந்தது.

வரிசைக்கு 11 வீதம் 5 வரிசை, மொத்தம் 55 ஏலியன்கள். இத்தனை பேரையும் ஒரே நேரத்தில் நகர்த்த அந்த சிப்புக்குத் தெம்பு இல்லை. அதனால் திரை ஒருமுறை புதுப்பிக்கப்படும்போது ஒரே ஒரு ஏலியன் மட்டும் நகரும். திரை விநாடிக்கு சுமார் 60 முறை புதுப்பிக்கப்படும் என்பதால், மொத்தப் படையும் ஓர் அடி எடுத்துவைக்கக் கிட்டத்தட்ட ஒரு விநாடி ஆகிவிடும்.

நீங்கள் சுடச் சுட எண்ணிக்கை குறையும். மிச்சம் இருப்பவர்களின் முறை சீக்கிரம் வரும். கடைசியில் ஒருவன் மட்டும் இருக்கும்போது ஒவ்வொரு முறையும் அவன்தான் நகர்வான். அதனால்தான் அவ்வளவு வேகம்! ஆட்டம் போகப்போக எகிறும் அந்த டென்ஷன், சிப்பின் பலவீனத்தால் தானாக வந்தது. நிஷிகாடோ அதைக் கவனித்தார், மாற்றாமல் அப்படியே விட்டுவிட்டார்.

இன்றைய போனில் என்ன சிக்கல்?

உங்கள் போனுக்கு 55 ஏலியன்களை நகர்த்துவது ஒரு வேலையே இல்லை. எனவே பழைய கேமை பிரவுசருக்குக் கொண்டுவர இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, புதிதாக எழுதுவது. யாரோ ஒரு டெவலப்பர் கேமைப் பார்த்து, அதேபோல ஜாவாஸ்கிரிப்டில் எழுதுவார். வேகம் எப்போது கூட வேண்டும் என்பதை அவரே முடிவுசெய்வார். இதில் ஒரு பொறி இருக்கிறது. திரை புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் ஏலியன் இவ்வளவு தூரம் நகர வேண்டும் என்று எழுதிவிட்டால், 60 ஹெர்ட்ஸ் திரையில் சரியாக ஓடும். அதே கேம் 120 ஹெர்ட்ஸ் போனில் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடும். 'முதல் லெவலிலேயே செத்துப்போகிறேனே' என்று நீங்கள் நொந்துகொள்ளும்போது, தப்பு உங்கள் விரலில் இல்லாமல் இருக்கலாம்.

இரண்டாவது வழி எமுலேட்டர். இங்கே கேமை யாரும் திரும்ப எழுதுவதில்லை. அந்தப் பழைய மெஷினையே சாஃப்ட்வேராக உருவாக்கி, அதற்குள் ஒரிஜினல் புரோகிராமை ஓடவிடுகிறார்கள். 1997-ல் தொடங்கிய 'மேம்' திட்டம் செய்வது இதைத்தான். எம்ஸ்கிரிப்டன், வெப்அசெம்ப்ளி போன்ற தொழில்நுட்பங்கள் வந்த பிறகு இத்தகைய எமுலேட்டர்கள் பிரவுசருக்குள்ளேயே ஓடுகின்றன. அதாவது, உங்கள் போனின் அதிவேக சிப், 2 மெகாஹெர்ட்ஸ் சிப்பைப் போல வேண்டுமென்றே மெதுவாக நடிக்கிறது.

சரி, அந்த டெஸ்ட் என்ன?

திரையின் உச்சியில் அவ்வப்போது ஒரு பறக்கும் தட்டு கடந்து போகும். அதை அடித்தால் 50, 100, 150 அல்லது 300 பாயின்ட். பார்ப்பதற்குக் குருட்டு அதிர்ஷ்டம் போலத் தெரியும். உண்மையில் அது நீங்கள் சுட்ட குண்டுகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது.

முதல் சுற்றில் 22 குண்டுகளை எண்ணிச் சுடுங்கள். குறி தவறியதும் கணக்கில் உண்டு. பிறகு தட்டு வரும்வரை காத்திருந்து 23-வது குண்டால் அடியுங்கள். ஒரிஜினல் புரோகிராம் என்றால் 300 கிடைக்கும். அதன்பின் ஒவ்வொரு 15-வது குண்டுக்கும் அதே 300. பாயின்ட் பட்டியலில் 16 இடங்கள் இருந்தும், புரோகிராம் 15-லேயே திரும்பிவிடும். அது ஒரு சின்ன பிழை. எமுலேட்டரில் அந்தப் பிழைகூடப் பத்திரமாக இருக்கும். புதிதாக எழுதியவரோ பெரும்பாலும் ரேண்டம் எண்ணைப் போட்டிருப்பார்.

ஒரு பிழை பிழைத்தால் என்ன, போனால் என்ன?

'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' பிரபலமானது. டைட்டோவே அதிகாரபூர்வத் தொகுப்புகளாக இன்னும் வெளியிடுகிறது. எல்லா கேமுக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான வீடியோ கேம்களில் 87 சதவீதம் இப்போது விற்பனையில் இல்லை என்று 2023-ல் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. 2021 ஜனவரியில் ஃபிளாஷ் முடக்கப்பட்டபோது, பள்ளிக் காலத்தில் நாம் ஆடிய பிரவுசர் கேம்கள் ஒரே நாளில் ஓடாமல் நின்றது ஞாபகம் இருக்கிறதா?

இன்டர்நெட் ஆர்கைவ் 2014-ல் சுமார் 900 ஆர்கேட் கேம்களை பிரவுசரில் ஆடும்படி திறந்துவிட்டது. ஆனால் எமுலேட்டர் வேறு, அதற்குள் போடும் கேம் வேறு. கேமுக்குக் காப்புரிமை உண்டு. விற்பனையில் இல்லாத கேம்களை ஆய்வாளர்கள் வெளியிலிருந்தே அணுக நூலகங்கள் வழிசெய்யலாமா என்ற கோரிக்கையை அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் நிராகரித்தது. கடையிலும் கிடைக்காது, நூலகமும் வீட்டுக்குத் தராது என்றால், அந்த கேம் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

ஆடும்முன் சில டிப்ஸ்

* முடிந்தவரை கீபோர்டில் ஆடுங்கள். போனில் டச் பட்டன்கள் திரையை மறைக்கும்.
* சத்தம் வரவில்லையா? திரையை ஒருமுறை தட்டுங்கள். அதுவரை பல பிரவுசர்கள் ஆடியோவை அனுமதிக்காது.
* வேகம் தாறுமாறாக இருந்தால், போன் செட்டிங்ஸில் திரையை 60 ஹெர்ட்ஸுக்கு மாற்றிப் பாருங்கள்.
* 'ஆட வேண்டுமென்றால் இந்த ஃபைலை இன்ஸ்டால் செய்யுங்கள்' என்று கேட்டால், டேப்பை மூடிவிடுங்கள். பிரவுசர் கேமுக்கு அது தேவையே இல்லை.

அப்புறம், குண்டை எண்ண மறந்துவிடாதீர்கள்!