மூன்றாவது சக்தியும் புதுக்கோட்டை சைக்கிளும்



உளவியல் என்றதும் ஃபிராய்டு பெயரைத்தான் முதலில் சொல்வார்கள். சின்ன வயதில் நடந்தவையும், நமக்கே தெரியாத ஆழ்மனமும் நம்மை ஆட்டி வைக்கின்றன என்றார் அந்த வியன்னா டாக்டர். அடுத்து வந்த ஸ்கின்னர் போன்றவர்கள், மனசை விடு, நடத்தையைப் பார் என்று எலியையும் புறாவையும் வைத்துச் சோதித்தார்கள். பலன் கிடைத்தால் திரும்பச் செய்வோம், கிடைக்காவிட்டால் விட்டுவிடுவோம். அவ்வளவுதான்.

இந்த இரண்டும் போதாது என்று அமெரிக்காவில் கிளம்பியதுதான் மனிதநேய உளவியல். ஆபிரகாம் மாஸ்லோ இதை 'மூன்றாவது சக்தி' என்றார். நோயை மட்டும் பார்க்காதே, நல்லா இருக்கிற மனுஷனையும் பார் என்பது அவர் கட்சி. 1943-ல் அவர் நம் தேவைகளை வரிசைப்படுத்தினார். முதலில் சோறு, பிறகு பாதுகாப்பு, அன்பு, மரியாதை, கடைசியில் தன் திறமை முழுவதும் வெளிப்படுவது.

எனக்கு இந்த வரிசையில் ஒரு சந்தேகம். காரணம் நம்ம மாவட்டம்தான். 1991-ல் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. கல்குவாரியில் கூலிக்கு உழைத்த பெண்கள்கூட ஓட்டினார்கள். 1992 மகளிர் தினத்தில் 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் ஊர்வலம் போனார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஜென்ட்ஸ் சைக்கிளே வாங்கியிருக்கிறார்கள்! (முன்னாடி பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாமே.) சோத்துக்கே கஷ்டப்பட்டவங்க மரியாதைக்காகக் காத்திருக்கவில்லை. வரிசை எல்லோருக்கும் கறாராகப் பொருந்தாது என்று மாஸ்லோவே எழுதியிருக்கிறார்.

எங்க அம்மாச்சியும் அப்போது கற்றவங்கதான். "ஊரே கேலி பண்ணுச்சு, ஆனா ஏறி உக்காந்தா இறங்க மனசு வரலடா" என்பாங்க. கேலிதான் கூலி என்றால் ஸ்கின்னர் கணக்குப்படி விட்டிருக்கணும். பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம் என்பதே பலன்தானே என்று அவர் பதில் சொல்லலாம். அதுவும் நியாயம்தான்.

இன்னொருவர் கார்ல் ரோஜர்ஸ். தன்னிடம் வருபவரை 'நோயாளி' என்று சொல்லமாட்டார். அறிவுரையும் தரமாட்டார். நிபந்தனை போடாமல் ஏற்றுக்கொண்டு, அவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பார். தனக்கு எது தேவை என்பது அவருக்கே தெரியவரும் என்று நம்பினார். இதை அளந்து காட்டுவது கஷ்டம் என்று குறை சொல்பவர்களும் உண்டு.

நம்ம வகுப்பில் ஒருவன் போன மாசத்திலிருந்து வருவதில்லை. ஃபிராய்டு அவன் சின்ன வயசைக் கேட்பார். ஸ்கின்னர், இங்கே வந்தால் அவனுக்குப் பாராட்டு கிடைத்ததா, திட்டு கிடைத்ததா என்பார். ரோஜர்ஸ் அவன் பேசும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். வரும் சனிக்கிழமை நாங்கள் மூணு பேர் அவன் வீட்டுக்குப் போகிறோம். அட்வைஸ் பண்ண நினைக்கிறவங்க தயவுசெய்து வர வேண்டாம்.