பழைய இறுவட்டுகளில் உறங்கும் படக்காட்சிகள்

1990களின் பிற்கூற்றிலும் அதனை அடுத்த ஆண்டுகளிலும் நம்மவர் பலர் பவர்பொயின்ற் மென்பொருளிலே படக்காட்சிகளை ஆக்கினர். தமிழ்ப் பாடசாலைப் பாடங்கள், ஊர்ச் சங்க விழாக்கள், அமரரானோரின் நினைவுகள் எனப் பலவும் அவற்றில் அடங்கின. தூரதேசத்து உறவினரும் காணும்பொருட்டு அவை இணையப் பக்கங்களாகவும் சேமிக்கப்பட்டன. மூலக்கோப்பு தொலைந்து, அந்தப் பக்கங்கள் மட்டுமே இறுவட்டில் எஞ்சியுள்ள குடும்பங்களுக்காகவே இதனை எழுதுகின்றோம்.

அன்று நெற்ஸ்கேப்பும் எக்ஸ்புளோரரும் போட்டியிட்டன. ஒன்றில் செம்மையாகத் தெரிவது மற்றதில் குலைந்து தெரியும். ஆதலால் பவர்பொயின்ற் 2000, எந்த உலாவிக்காகச் சேமிப்பது என முன்கூட்டியே வினவியது: எக்ஸ்புளோரர் 4 முதலானவற்றுக்கா, இரு நிறுவனங்களதும் மூன்றாம் பதிப்பு முதலான உலாவிகளுக்கா, அன்றி அனைத்துக்குமா? அனைத்துக்குமெனில் கோப்புகள் பெருக்கும் என்றும் எச்சரித்தது. தொலைபேசிக் கம்பி வழியே இணையம் வந்த நாட்களில் பெரிய கோப்பு என்றால் பெரிய கட்டணம். சிறியதைத் தெரிந்தவர்களைக் குறைகூறல் தகாது.

நெற்ஸ்கேப்புக்கான ஆதரவு 2008இல் நின்றது. எக்ஸ்புளோரர் 2022 யூனில் ஓய்வு பெற்றது. வரைபடங்கள் வி.எம்.எல். முறையில் எழுதப்பட்டிருப்பின் இன்றைய உலாவிகள் அவற்றை அறியா. பக்கமாகச் சேமிக்கும் வசதியையே பவர்பொயின்ற் 2010 பதிப்பில் நீக்கிவிட்டனர்.

நமக்கோ இன்னொரு துன்பமும் உண்டு. பாமினி எழுத்துருவில் தட்டெழுதிய தமிழ், கணினிக்கு ஆங்கில எழுத்துகளே. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் 'அம்மா' என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றே தோன்றும். நினைவஞ்சலி ஒன்று இவ்வாறு தோன்றினால் பிள்ளைகள் அதனைப் பழுதென்றெண்ணி அழித்துவிடக்கூடும். அது பழுதன்று; எழுத்துருவை நிறுவினால் தமிழ் மீளும்.

விந்தை யாதெனில், இதனினும் பழைய பவர்பொயின்ற் 97 ஆக்கிய பக்கங்கள் இன்றும் நன்றாகவே தெரிகின்றன. அது ஒவ்வொரு சிலைட்டையும் ஜி.ஐ.எவ். அல்லது ஜே.பெக். படமாக மாற்றிற்று. எழுத்தும் படத்துள் அடங்கியமையால் எழுத்துருவும் தேவையில்லை, இன்ன உலாவி என்ற பேதமும் இல்லை.

இறுவட்டிலிருந்து பிரதி எடுக்கையில் பக்கத்தை மட்டும் எடுத்தல் போதாது. அதே பெயரில் அருகே இருக்கும் கோப்புறையையும் சேர்த்தெடுக்க வேண்டும். ஒளிப்படங்கள் யாவும் அதனுள்ளேயே உள்ளன. பக்கம் திறவாவிடினும் அப்படங்களைத் தனியே திறக்கலாம். மூலக்கோப்பு கிடைத்தோர் பாக்கியசாலிகள். பாமினியை நிறுவிய கணினியில், இன்றைய பவர்பொயின்றிலேயே அதனைத் திறந்து பி.டி.எவ். ஆகச் சேமிக்கலாம், எழுத்துரு அதனுள் பதிந்துவிடும். சொற்களைப் பின்னர் தேடவும் திருத்தவும் விரும்புவோர் அவற்றை ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்ளுதல் நன்று. முடித்தபின், பாமினி இல்லாத வேறொரு கணினியில் ஒருமுறை திறந்து பாருங்கள். அதன் பிறகே பழைய இறுவட்டை அப்புறப்படுத்தலாம்.